மூன்றெழுத்துக்குள் பல பொருள்

ரவாங் நகர மக்களுக்குக் ‘கே.டி.எம்.’ என்றால் தொடர்வண்டி. வேலைக்கும் படிப்புக்கும் கோலாலம்பூர் செல்வோர் நாள்தோறும் ரவாங் நிலையத்தில் ஏறும் கம்யூட்டர் வண்டி அது. ‘கெரெத்தாப்பி தானா மெலாயு’ என்னும் மலாய்ப் பெயரின் முதலெழுத்துகளே அந்த மூன்று எழுத்துகள். சாலையில் விரையும் மோட்டார் சைக்கிள் ஒன்றிலும் ‘கே.டி.எம்.’ என்று பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அது ஆஸ்திரிய நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். இருவரின் குடும்பப் பெயர்களும் அந்நிறுவனம் தோன்றிய மட்டிக்ஹோஃபன் என்னும் ஊரின் பெயரும் சேர்ந்து அச்சுருக்கம் உருவானது. நேப்பாளத்திற்கு விமானம் ஏறுபவரின் பயணப்பெட்டியில் கட்டப்படும் சீட்டிலும் ‘கே.டி.எம்.’ என்றே அச்சாகியிருக்கும். அங்கு அது காட்மாண்டு விமான நிலையத்தின் குறியீடு.

எழுத்துகள் ஒன்றே, பொருள்கள் மூன்று. தொடர்வண்டியையும் விமான நிலையத்தையும் யாரும் மாற்றிப் புரிந்துகொள்வதில்லை. ஆனால், எல்லாச் சுருக்கச்சொற்களும் இவ்வளவு எளிதாகப் பிடிபடுவதில்லை. சில சுருக்கங்களைத் தவறாகப் புரிந்துகொண்டால் உடல்நலமே பாதிக்கப்படலாம்.

சுருக்கச்சொல்லின் இயல்பு

நீண்ட பெயரையோ தொடரையோ அதன் முதலெழுத்துகளைக் கொண்டு குறிப்பிடுவது சுருக்கச்சொல் ஆகும். தமிழுக்கு இப்பழக்கம் புதிதன்று. ‘மு.’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். டாக்டர் மு. வரதராசன் என்னும் பெயரில் அது முனுசாமி என்னும் தந்தையின் பெயரைக் குறிக்கிறது. ‘கி.மு.’ என்று எழுதும்போது ‘முன்’ என்று பொருள்படுகிறது. ‘காலை மணி 9.00 மு.ப.’ என்று அழைப்பிதழில் அச்சிட்டால் அது ‘முற்பகல்’ ஆகிறது. பழக்கம் காரணமாக இவற்றைப் படிக்கும்போது நமக்குத் தடுமாற்றம் ஏற்படுவதில்லை. பக்கத்தில் உள்ள சொற்கள் நமக்குத் துணைசெய்கின்றன.

ஒரு சொல் பல பொருள் தருவதைத் தமிழ் மரபு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. திவாகர நிகண்டில் இத்தகைய சொற்களுக்கென்றே தனித் தொகுதி ஒன்று உண்டு. ‘திங்கள்’ என்னும் சொல் நிலவையும் மாதத்தையும் வாரத்தின் ஒரு நாளையும் குறிக்கும். இம்மூன்று பொருள்களுக்கும் இடையே உறவு இருக்கிறது. நிலவு தேய்ந்து வளரும் காலமே மாதம். நிலவின் பெயரைத் தாங்கிய நாளே திங்கட்கிழமை. ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றுக்குச் சென்றுவிடலாம்.

சுருக்கச்சொற்களில் அத்தகைய உறவைத் தேட முடியாது. அவற்றின் ஒற்றுமை தற்செயலானது. ஒரே பெயர் வைக்கப்பட்ட இரு மாணவர்கள் உறவினர்களாக இருக்க வேண்டியதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். இந்தத் தற்செயலுக்குக் கணக்கும் உண்டு. ஆங்கில நெடுங்கணக்கில் உள்ள எழுத்துகள் 26. அவற்றைக் கொண்டு 26 × 26 × 26, அதாவது 17,576 மூன்றெழுத்துச் சேர்க்கைகளை மட்டுமே உருவாக்க முடியும். உலகில் உள்ள நிறுவனங்கள், நோய்கள், கருவிகள், தேர்வுகள், அளவுகள் அனைத்துக்கும் இந்தச் சேர்க்கைகளையே பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஆகவே, ஒரே சுருக்கம் பல துறைகளில் தோன்றுவது தவிர்க்க முடியாதது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘ஏ.பி.ஐ.’ என்னும் மூன்றெழுத்து.

காற்றைக் குறிக்கும் ஏ.பி.ஐ.

சிலாங்கூர் மக்களுக்கு ஏ.பி.ஐ. என்றவுடன் நினைவுக்கு வருவது புகைமூட்டம். இங்கு ஏ.பி.ஐ. என்பது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் ஆங்கிலச் சுருக்கம். மலாய் மொழியில் இதே குறியீட்டை ‘ஐ.பி.யு.’ என்பர். ஒரே சுருக்கத்துக்குப் பல பொருள் இருப்பதுபோல, ஒரே பொருளுக்கு மொழிக்கொரு சுருக்கம் இருப்பதையும் இங்குக் காண்கிறோம்.

இந்தக் குறியீடு எவ்வாறு கணிக்கப்படுகிறது? சுற்றுச்சூழல் துறையின் நிலையங்கள் காற்றில் கலந்துள்ள நுண்துகள்கள், ஓசோன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு ஆகியவற்றை அளவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறியெண் கணிக்கப்படும். அவற்றுள் எது மிக அதிகமோ அதுவே அவ்விடத்தின் ஏ.பி.ஐ. ஆகும். குறியெண் 50 வரை இருந்தால் நல்ல நிலை. 51 முதல் 100 வரை மிதமான நிலை. 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்ற நிலை. 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்ற நிலை. 300-ஐத் தாண்டினால் அபாயகரமான நிலை.

2018-ஆம் ஆண்டு முதல் ‘பி.எம். 2.5’ என்னும் மிக நுண்ணிய துகள்களும் இக்கணிப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. இத்துகளின் குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. மனிதத் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இது. அதனால் நுரையீரலின் ஆழம் வரை எளிதாகச் சென்றுவிடுகிறது. ‘பி.எம்.’ என்பதும் பல பொருள் தரும் சுருக்கமே. செய்தித் தலைப்பில் அது பிரதமர். கடிகார நேரத்தின் பின்னால் வந்தால் பிற்பகல். காற்றைப் பற்றிய அறிக்கையில் நுண்துகள்.

கோல சிலாங்கூர் மக்கள் இந்தக் குறியெண்ணின் கடுமையை நேரில் கண்டவர்கள். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் ஏ.பி.ஐ. 500-ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் எரிந்த தீயின் புகையே அதற்கு முக்கியக் காரணம். உள்ளூரிலும் ஆபத்து உண்டு. வட சிலாங்கூரின் சதுப்புநிலக் காடுகளில் உள்ள கரிமண் காய்ந்துவிட்டால் நிலத்துக்கு அடியிலேயே கனன்று எரியும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அணையாது. ராஜா மூசா காட்டுப் பகுதியில் இத்தகைய தீ ஏற்பட்டதுண்டு.

ஏ.பி.ஐ. 100-ஐத் தாண்டினால் பள்ளிகளில் திடல் நடவடிக்கைகள் நிறுத்தப்படுகின்றன. 200-ஐத் தாண்டினால் பள்ளிகள் மூடப்படுகின்றன. ஆகவே, மாணவர்களின் அன்றாட வாழ்வோடு நேரடித் தொடர்புடைய எண் இது.

மருந்துக்குள் இருக்கும் ஏ.பி.ஐ.

புகைமூட்டக் காலத்தில் ஆஸ்துமா நோயாளிகள் மூச்சுவிடத் திணறுவர். அவர்கள் வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தில் ‘சால்பியூட்டமால்’ என்னும் பொருள் இருக்கும். சுருங்கிய மூச்சுக்குழாய்களைத் தளர்த்துவது அதுவே. மருந்தியல் துறையினர் இத்தகைய பொருளையும் ஏ.பி.ஐ. என்றே அழைக்கின்றனர். நோயின் மீது செயல்படும் மருந்துப்பொருள் என்பது அதன் பொருள்.

ஒரு மாத்திரை முழுவதும் மருந்தன்று. காய்ச்சலுக்கு உட்கொள்ளும் மாத்திரை ஒன்றில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் இருக்கலாம். அதுவே அதன் ஏ.பி.ஐ. மாத்திரை உதிராமல் இருக்கவும் வயிற்றுக்குள் சென்று கரையவும் மாவுச்சத்து போன்ற பிற பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவை நோயைத் தீர்ப்பதில்லை. மருந்தைச் சுமந்து செல்ல உதவுகின்றன.

இந்த வேறுபாட்டை அறிவது பாதுகாப்புக்குத் தேவையானது. கடையில் விற்கப்படும் காய்ச்சல் மாத்திரைக்கு ஒரு வணிகப் பெயர். சளி மாத்திரைக்கு வேறொரு வணிகப் பெயர். பெயர்கள் வேறாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக உட்கொள்வோர் உண்டு. ஆனால், இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கக்கூடும். அப்படியானால் ஒரே மருந்து இருமடங்காக உடலில் சேர்ந்துவிடும். பெரியவர்கள்கூட 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமுக்கு மேல் பாராசிட்டமால் உட்கொள்ளக் கூடாது. அளவு மீறினால் கல்லீரல் பாதிக்கப்படும். பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிடப்பட்ட பெயரைவிட, சிறிய எழுத்தில் உள்ள மருந்துப்பொருளின் பெயரே முக்கியம்.

கணினி உலகின் ஏ.பி.ஐ.

கணினி நிரலாளரிடம் ஏ.பி.ஐ. பற்றிக் கேட்டால், அவர் காற்றையும் பேசமாட்டார், மாத்திரையையும் பேசமாட்டார். ஒரு மென்பொருள் மற்றொரு மென்பொருளிடம் உதவி கேட்பதற்கு வகுக்கப்பட்ட விதிமுறையே அவருக்கு ஏ.பி.ஐ. தமிழில் இதனைச் ‘செயலி நிரலாக்க இடைமுகம்’ என்பர்.

பெயர் கடினமாகத் தோன்றினாலும் கருத்து எளிது. தோட்டங்களில் இருந்த பழைய மளிகைக் கடைகளை நினைத்துப் பார்க்கலாம். வாங்குபவர் கடைக்குள் புகுந்து மூட்டைகளைப் பிரிப்பதில்லை. தேவையான பொருள்களைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் அவற்றை எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பார். எந்தப் பொருள் எந்த மூலையில் இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. சீட்டு தெளிவாக இருந்தால் போதும். கணினியில் அந்தச் சீட்டு எப்படி எழுதப்பட வேண்டும், அதற்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை ஏ.பி.ஐ. வரையறுக்கிறது.

கைப்பேசியில் மழை நிலவரத்தைப் பார்க்கும்போதும், இணையம்வழி பணம் செலுத்தும்போதும், வரைபடத்தில் வழி தேடும்போதும் திரைக்குப் பின்னால் இத்தகைய சீட்டுகள் சென்று வருகின்றன. காற்றின் நிலையைக் காட்டும் செயலி ஒன்றை உருவாக்குபவர், “இந்தச் செயலி ஏ.பி.ஐ. மூலம் ஏ.பி.ஐ.யைப் பெறுகிறது” என்று கூறலாம். கேட்பவருக்கு இது விடுகதைபோல் இருக்கும். துறை அறிந்தவருக்கோ முதலில் வருவது கணினி விதிமுறை என்பதும், இரண்டாவது காற்றின் குறியெண் என்பதும் உடனே விளங்கிவிடும்.

எண்ணெயில் ஏ.பி.ஐ.

ரவாங் வட்டாரத்தில் கார் தயாரிக்கும் தொழிற்சாலையும் வாகனப் பட்டறைகளும் உள்ளன. பட்டறையில் அடுக்கப்பட்டுள்ள இயந்திர எண்ணெய்ப் புட்டிகளின் பின்புறத்திலும் ஏ.பி.ஐ. என்னும் எழுத்துகளைக் காணலாம். இது 1919-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் பெயர்ச் சுருக்கம். இயந்திர எண்ணெயின் தரத்தை வகுத்து முத்திரை வழங்கும் அமைப்புகளுள் அதுவும் ஒன்று. தரக்குறியீட்டின் முதலெழுத்து ‘எஸ்’ என்றால் பெட்ரோல் வாகனத்துக்கு உரியது. ‘சி’ என்றால் டீசல் வாகனத்துக்கு உரியது.

அதே கழகத்தின் பெயரால் கச்சா எண்ணெயை வகைப்படுத்தும் அளவுகோல் ஒன்றும் வழங்குகிறது. இந்த அளவுகோலில் தண்ணீரின் மதிப்பு 10 பாகை. பாகை கூடக்கூட எண்ணெய் இலேசானது என்று பொருள். திரங்கானு கடற்பகுதியில் எடுக்கப்படும் தாப்பிஸ் எண்ணெய் 40 பாகைக்கும் அதிகமானது. ஆகவே, அது இலேசான வகையைச் சேர்ந்தது.

இப்போது ஓர் உண்மை புலப்படுகிறது. ‘ஏ.பி.ஐ. 45’ என்று மட்டும் ஒருவர் எழுதினால், சுற்றுச்சூழல் அதிகாரி அதனைத் தூய காற்று என்று படிப்பார்; எண்ணெய்ப் பொறியாளர் இலேசான எண்ணெய் என்று படிப்பார். எண்ணும் எழுத்தும் சேர்ந்து வந்தாலும், துறை தெரியாவிட்டால் பொருள் முழுமை பெறுவதில்லை.

சுருக்கமே இல்லாத ‘ஆப்பி’

ஏ, பி, ஐ ஆகிய மூன்று எழுத்துகளையும் உரோமன் வரிவடிவில் எழுதிச் சேர்த்துப் படித்தால் ‘ஆப்பி’ என்னும் மலாய்ச் சொல் கிடைக்கும். இது சுருக்கமன்று, முழுமையான சொல். நெருப்பு என்பது அதன் பொருள். நீராவி இயந்திரத்தில் நெருப்பைக் கண்ட மலாய் மொழி, தொடர்வண்டிக்குக் ‘கெரெத்தா ஆப்பி’ என்று பெயரிட்டது. நெருப்பிலிருந்து எழுந்த புகையைக் கண்ட தமிழ், அதனைப் ‘புகைவண்டி’ என்றது. கடலோரச் சதுப்புநிலத்தில் வளரும் மரம் ஒன்றுக்கும் மலாயில் ‘ஆப்பி-ஆப்பி’ என்று பெயர்.

மலாய் மட்டும் அறிந்த ஒருவர் அறிவிப்புப் பலகையில் இந்த மூன்று எழுத்துகளையும் அவற்றின் அருகில் பெரிய எண்ணையும் கண்டால், எங்கோ தீப்பற்றியிருப்பதாக நினைக்க இடமுண்டு. காற்றின் குறியெண்ணை அவர் தவறாகப் படித்திருந்தாலும், அந்தக் குறியெண் உயர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தீயாகத்தான் இருக்கும்!

பொருளைக் கண்டறியும் வழி

சுருக்கச்சொல்லின் பொருளை எவ்வாறு கண்டறிவது? முதலில் துறையைக் கவனிக்க வேண்டும். எழுதியவர் மருத்துவரா, பொறியாளரா, செய்தியாளரா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அடுத்து, பக்கத்தில் உள்ள சொற்களைக் கவனிக்க வேண்டும். ‘தொட்டது’, ‘உயர்ந்தது’, ‘மோசமடைந்தது’ என்னும் வினைகள் வந்தால் அது குறியெண்ணாக இருக்கும். ‘மில்லிகிராம்’ என்னும் அலகு வந்தால் மருந்து. ‘பாகை’ வந்தால் எண்ணெய். ‘இணைத்தல்’, ‘தரவு’ என்னும் சொற்கள் வந்தால் கணினி. மூன்றாவதாக, கட்டுரையின் தொடக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்ல எழுத்தாளர் முதலில் முழுப்பெயரைத் தந்த பின்னரே சுருக்கத்தைப் பயன்படுத்துவார்.

நாட்டையும் கவனத்தில் கொள்ள வேண்டும். இந்தியாவில் காற்றின் நிலையைக் காட்டும் குறியீட்டுக்கு ‘ஏ.கியூ.ஐ.’ என்று பெயர். அங்கு 101 முதல் 200 வரை இருந்தால் மிதமான நிலை என்பர். மலேசியாவில் அதே எண்கள் ஆரோக்கியமற்ற நிலையைக் குறிக்கும். சென்னையில் உள்ள உறவினர், “இங்கே 150தான், மிதமாக இருக்கிறது” என்று கூறுவதைக் கேட்டு, கோல சிலாங்கூரில் 150 என்று காட்டும் நாளில் பிள்ளைகளைத் திடலில் விளையாட விடுவது தவறாகும். எந்த நாட்டு அளவுகோல் என்பதைப் பார்த்த பின்னரே எண்ணை ஒப்பிட வேண்டும்.

விரித்துச் சொல்வது கடமை

ஒரு துறையில் உள்ளவர்களுக்குச் சுருக்கச்சொல் பெரும் வசதி. ஒரு நாளில் நூறு முறை பயன்படுத்தும் நீண்ட பெயரை மூன்றெழுத்தில் அடக்கிவிடலாம். நேரமும் இடமும் மிச்சமாகும். ஆனால், துறைக்கு வெளியே நிற்பவருக்கு அதே மூன்றெழுத்து மூடிய கதவாகிவிடுகிறது. புகைமூட்டத்தால் அதிகம் துன்புறுவோர் முதியவர்களும் சிறு குழந்தைகளும் நோயாளிகளும் ஆவர். எச்சரிக்கை அறிவிப்பில் சுருக்கம் மட்டும் இருந்தால், அதனைப் புரிந்துகொள்ள இயலாதவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஆங்கிலம் அறியாத பாட்டிக்கு, “இன்று ஏ.பி.ஐ. 210” என்று கூறுவதால் பயனில்லை. “இன்று காற்று மிகவும் கெட்டிருக்கிறது, பாட்டி. வெளியே போகாதீர்கள், சன்னலைச் சாத்தி வையுங்கள்” என்று கூறினால் அவர் தம்மைக் காத்துக்கொள்வார்.

மாணவர்கள் கட்டுரை எழுதும்போதும் இந்நெறியைப் பின்பற்றலாம். சுருக்கச்சொல்லை முதன்முறை பயன்படுத்தும் இடத்தில் அதன் முழுப்பெயரை எழுத வேண்டும். ஒரே கட்டுரையில் ஒரு சுருக்கத்தை இரு பொருளில் பயன்படுத்தக் கூடாது. படிக்கும்போது பொருள் தெரியாத சுருக்கம் வந்தால், ஊகித்துக் கடந்து செல்லாமல் ஆசிரியரிடமோ அகராதியிலோ கேட்டறிய வேண்டும். அவ்வாறு கேட்பதில் தாழ்வு இல்லை. ஒரு துறையின் வல்லுநரும் அடுத்த துறைக்குள் நுழைந்தால், அங்குள்ள மூன்றெழுத்துகளுக்குப் பொருள் கேட்டே தீர வேண்டும்.